பீப்பாய்க்குள் கிடந்த சிப்பிகள்

எபிஃபானியா காபோர்னெஸ் தம் ஐம்பத்தாறு வயதில் இருபத்தாறு ஆண்டுகளை ஒரு கண்ணை மூடிக்கொண்டே கழித்தவர். மீன்வளத் துறையின் அந்தச் சிறிய நிலையத்தில் இருந்த பழைய நுண்ணோக்கிக்கு ஒரே ஒரு குழல்தான். வலக்கண் அதில் பதிந்திருக்கும்; இடக்கண் மூடியிருக்கும்; விரல்கள் எண்ணும் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருக்கும். திருமண வீட்டுப் புகைப்படங்களில்கூட அவருடைய இடக்கண் சற்றுச் சிறுத்தே விழும். "எங்க மனாங் மாப்பிள்ளை வீட்டாரு மொத்தத்துக்கும் கண்ணடிக்கிறா பாருங்க" என்று தம்பி நெமெசியோ அந்தப் படங்களைக் காட்டிச் சிரிப்பார். ஊரில் அவரைப் பானியா என்பார்கள். வயதில் இளையவர்களுக்கு மனாங் பானியா, அதாவது பானியா அக்காள். அலுவலகத்தில் மாம் பானியா. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், செவ்வாய்க்கிழமை வேலை இருக்கிறது என்று ஒருமுறை சொன்னதாகப் பேச்சு உண்டு.

செவ்வாய்க்கிழமை உண்மையாகவே வேலை இருந்தது. சமார் தீவின் மேற்குக் கரையில் உள்ள அந்த விரிகுடாவில் ஏழு இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. முதலிடம் படகுத்துறை. அடுத்த ஐந்தும் பச்சைச் சிப்பி வளர்ப்பவர்கள் ஊன்றிய மூங்கில் கழிகளுக்கு நடுவே. ஏழாவது மட்டும் குடாவின் வாய்க்கு வெளியே, கழிகளே இல்லாத திறந்த கடலில். குடாவுக்குள் பொரிக்கும் குஞ்சுகள் எல்லாம் நீரோட்டத்தில் அங்கேதான் வந்து கலக்கும். பானியா ஒவ்வோர் இடத்திலும் படகை நிறுத்தி, நீரின் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, காலுறை போல் நீண்ட மென்வலையை இறக்கி இழுப்பார். வலையின் நுனிக் குப்பியில் சேர்ந்ததை ஜாடியில் ஊற்றி, கெடாமலிருக்க ஃபார்மலின் சேர்த்து, மூடியில் நாளும் இடமும் எழுதுவார். பிறகு ஜாடிகளில் இருப்பவற்றை இனம் இனமாக எண்ணித் தாளில் ஏற்றுவார். 1996 முதல் விட்டுப்போன செவ்வாய்க்கிழமைகள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது.

தொடக்க ஆண்டுகளின் தாள்களைப் பிற்கால ஆண்டுகளின் தாள்களோடு வைத்துப் பார்த்தால், ஒரு தெருவில் குடியிருந்தோர் அனைவரும் யாருக்கும் தெரியாமல் வீடு மாறிவிட்டதைப் போலிருக்கும். கோத்த மணிகளாக மிதந்த பெரிய நுண்பாசிகள் குறைந்து, தூசியளவு உருண்டைப் பாசிகள் நிறைந்தன. நீண்ட உணர்கொம்புகள் கொண்ட துடுப்புக்காலி என்னும் நுண் உயிரிகளின் இடத்தில் அவற்றில் பாதி உருவம்கூட இல்லாத வேறோர் இனம் வந்தது. வலை கூழ் போன்ற உயிரிகளால் அடைபடும் நாள்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டாக இருந்தவை மாதத்துக்கு ஒன்றாயின. வெப்பத்திற்கான கட்டத்தில் மே மாதம் இருபத்தொன்பது என்று எழுதிவந்த கை, அதே மே மாதத்திற்கு முப்பது புள்ளி எட்டு என்று எழுதப் பழகியிருந்தது. கடலின் காரநிலையை அளக்கும் கருவி ஒன்றும் இருந்தது. அதன் எண் ஆண்டுதோறும் மிகச் சிறிதாக இறங்கிக்கொண்டே வந்து, 2013 நவம்பர்ப் புயலில் கருவியோடு நின்றுபோனது.

இத்தனை உயிர்களிலும் ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சிப்பிக் குஞ்சு. கடுகை நூறாக உடைத்த அளவில், இரு சுண்ணாம்பு ஓடுகளை மூடிக்கொண்டு நீந்தும் அது, இரண்டு மூன்று வாரம் அலைந்து, ஒரு மூங்கிலைப் பற்றிக்கொண்டால் அது வளர்ப்பவர்களின் விதை. மற்றக் குப்பையிலிருந்து அதைப் பிரித்து எண்ண ஒரு வழி உண்டு. கூச்சம் தடுக்கும் குளிர்க்கண்ணாடி வில்லைகள் இரண்டைக் குறுக்காக வைத்து, நடுவே ஜாடியின் துளியை நிறுத்தினால் எல்லாம் இருண்டுபோகும். சுண்ணாம்பு ஓடு உள்ளவை மட்டும் நான்கு கதிர் கொண்ட நட்சத்திரமாக ஒளிரும். அந்த வில்லைகள் நெமெசியோவினுடையவை. அக்காள் கேட்டதும் புதுக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவ்வாண்டு ஊர்த் திருவிழா முழுக்க வெறும் சட்டத்தை மாட்டிக்கொண்டு ஆடினார்.

அன்றிலிருந்து துறையில் படகு கட்டும்போதெல்லாம் அவர் கேட்பது ஒரே கேள்வி.

"எத்தனை நட்சத்திரம், மனாங்?"

அக்காள் எண்ணைச் சொல்வார். 1998இல் ஏழாம் இடத்தின் ஆண்டுச் சராசரி, ஒரு கண்ணாடித் தட்டுக்கு இருநூற்றுப் பதினான்கு. 2012இல் நூற்று முப்பத்தொன்று. 2014இல் நூற்றுப் பதினெட்டு. 2017இல் நாற்பத்தாறு. 2021இல் மூன்று.

அந்த மூன்றுதான் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் நூற்றெண்பது குடும்பங்களின் நம்பிக்கையாயிற்று.

விதை விழாமல் மூன்று பருவங்கள் கடந்திருந்தன. விழுந்த சொற்பமும் மெலிந்த ஓட்டோடு வளர்ந்தது. "சட்டியில போட்டுக் கிண்டினா ஓடு நொறுங்குது. வாங்குறவ, மண்ணைத் திங்கவா குடுக்கிறேன்னு என்னையத் திட்டுறா" என்று நெமெசியோவின் மனைவி ஃபெலிசா சந்தையிலிருந்து திரும்பும் நாளெல்லாம் புலம்பினார். நகர மன்றம் தன் காரணத்தைக் கண்டுபிடித்தது: வளர்ப்பவர்கள் பேராசையால் கழிகளை நெருக்கி ஊன்றிக் குடாவைச் சேறாக்கிவிட்டார்கள், ஆகவே எல்லாக் கழிகளையும் பிடுங்கி, மூன்றாண்டு குடாவுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். துணை மேயர் அந்தத் தீர்மானத்தை எழுதி வைத்துவிட்டு, சட்டம் சொல்கிறதே என்பதற்காக மக்கள் கருத்தைக் கேட்க ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார்.

வளர்ப்பவர்களிடம் இருந்த பதிலும் ஒன்றுதான். தவறு கழியில் இல்லை, கடலில் இருக்கிறது. கடல் சுட்டுப் புளித்துப்போய்விட்டது. கழியே இல்லாத ஏழாம் இடத்திலும் துடுப்புக்காலி சிறுத்திருக்கிறது, குஞ்சு அழிந்திருக்கிறது. சான்று மனாங் பானியாவின் தாள்கள்.

"இருநூத்திப் பதினாலு, மூணு. இந்த ரெண்டு நம்பரை மட்டும் சொல்லு மனாங். மத்ததைக் கூட்டத்துல இருக்கிறவங்களே கத்திச் சொல்லிடுவாங்க" என்றார் வளர்ப்பவர்கள் சங்கத்தின் செயலாளராக இருந்த நெமெசியோ. "ஜாடியும் ரெண்டு கொண்டாந்துடு. பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு. துணை மேயரே கண்ணை வெச்சுப் பாக்கட்டும்."

ஜாடிகளுக்காகத்தான் திங்கட்கிழமை காலை பானியா கிடங்கு அறையைத் திறந்தார். எடுத்துச் செல்ல வேண்டியவற்றில் ஃபார்மலின் குறைந்திருந்தது, நிரப்ப வேண்டும். மூலையில் இருந்த நீலப் பிளாஸ்டிக் பீப்பாயில் கரைசல் அடியோடு ஒட்டிக் கிடந்தது.

அந்தப் பீப்பாய்க்கு ஒரு வரலாறு இருந்தது. ஃபார்மலின் நாள்பட நாள்படத் தானே புளிக்கும். புளித்தால் சுண்ணாம்பைத் தின்னும். ஆகவே அதில் வெண்காரம் கலந்து வைப்பது விதி. புயலுக்கு முன் பானியா அதை ஊரிலிருந்த ஒரே பொற்கொல்லரிடம் வாங்கிவந்தார். புயல் அந்தக் கடையையும் பொற்கொல்லரையும் கொண்டுபோயிற்று. அலுவலகத்துக்கு எழுதிய வேண்டுகோளுக்கு விடை வரவில்லை. அப்போது பானியா அந்தக் கரையில் பிறந்த எவரும் செய்யக்கூடியதைச் செய்தார். கிணற்று நீர் புளித்தால் இரு கை சிப்பி ஓட்டை அள்ளிப் போடுவது அங்கே வழக்கம்; மிளகாய்ச் செடி வாடினாலும் அதுதான், கோழி தோல்முட்டை இட்டாலும் அதுதான். அவர் இரு கை பச்சைச் சிப்பி ஓடுகளைக் கழுவிப் பீப்பாய்க்குள் போட்டார். புளிப்பு சிப்பியின் சுண்ணாம்பைத் தின்று அடங்கும். ஜாடிக்குள் வரும் குஞ்சுகள் தப்பிக்கும். கணக்கில் பிழையில்லை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை பழைய ஓடுகளைக் கொட்டிப் புதியவற்றைப் போட்டு, பதிவேட்டில் "சிப்பி மாற்றப்பட்டது" என்று எழுதிவந்தார்.

மீதமிருந்ததை வடிக்கப் பீப்பாயைச் சாய்த்தபோது ஓடுகள் அடியிலிருந்து சரிந்து வந்தன. பச்சை மாறாமல், வடிவம் குலையாமல், முழுசாகவே இருந்தன. கையுறை மாட்டிய விரல்களால் பானியா ஒன்றை எடுத்து ஒதுக்கப் பார்த்தார். ஓடு மடங்கியது.

அவர் அதை மறுபடி விரித்தார். விரிந்தது. ஈரமான தோலைப் போல் இருந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் இரு விரலுக்கு நடுவே சுருண்டது. பத்தொன்பது ஓடுகள். பத்தொன்பதும் அப்படியே. சிப்பியின் மேல் உள்ள பச்சை நிறம் சுண்ணாம்பன்று, மெல்லிய தோல். அதை எந்தப் புளிப்பும் தின்பதில்லை. உள்ளே இருந்த சுண்ணாம்பு முழுவதும் என்றோ கரைந்துபோக, தோல் மட்டும் சிப்பியின் வடிவில் பீப்பாயின் அடியில் காவல் இருப்பதுபோல் கிடந்திருக்கிறது.

வேலியோரம் சங்குப்பூ பூத்திருந்தது. பானியா நான்கு பூக்களைப் பறித்து, வெந்நீரில் கசக்கி, நீலச் சாற்றைப் பீங்கான் தட்டில் ஊற்றி, பீப்பாயின் கரைசலில் ஒரு சொட்டு விட்டார். நீலம் பழுத்த இலந்தையின் சிவப்பாக மாறியது; புளிப்பு பட்டால் அந்தச் சாறு சிவக்கும். ஜாடிகளில் இருந்து ஒவ்வொரு சொட்டு எடுத்தார். 2012ஆம் ஆண்டு ஜாடி: நீலம். 2014: நீலம், விளிம்பில் ஊதா. 2017: சிவப்பு. அதற்குப் பிந்திய எல்லாமும் சிவப்பு.

பிறகு பதிவேட்டை எடுத்தார். 2014 முழுவதும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை, தம் கையெழுத்தில், "சிப்பி மாற்றப்பட்டது". 2015 மே மாதத்தில் குடாவில் நச்சுப் பாசி செந்நீராகப் பரவியது. சிப்பி தின்ற இருவர் இறந்தார்கள். அதன்பின் நச்சுப் பரிசோதனையே முதல் வேலையாயிற்று. முன்பெல்லாம் பத்தாண்டுக்கு இருமுறை வந்த செந்நீர், வெப்பம் ஏற ஏற ஆண்டுதோறும் வந்தது. ஜாடிகள் காத்திருந்தன. அவ்வாரமே எண்ணப்பட்டவை நான்கு மாதம், ஐந்து மாதம் கழித்து எண்ணப்பட்டன. 2015 ஜூன் பக்கத்தில் பானியா பீப்பாயை மேலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார், பச்சை தெரிந்திருக்கிறது. "சிப்பி உள்ளது" என்று எழுதியிருக்கிறார். அடுத்த காலாண்டிலும் "சிப்பி உள்ளது". கரைசல் தீரத் தீர மேலேயே ஊற்றி நிரப்பியதன்றிப் பீப்பாய் கவிழ்க்கப்படவே இல்லை. முப்பது முறை அந்த வாசகம் இருந்தது. ஒருமுறைகூடப் பொய்யில்லை.

கடைசியாகத் தாள்களின் ஓரத்தில், யாரும் படிக்காத ஒரு கட்டத்திற்கு வந்தார். "அடையாளம் காண இயலாதவை: சுருங்கிய பை போன்ற உருக்கள்." 2014இல் அது ஒன்பது. 2017இல் ஐம்பத்தெட்டு. 2021இல் அறுபத்தாறு. நட்சத்திரம் இறங்க இறங்க இந்தக் கட்டம் ஏறியிருந்தது. ஓடு கரைந்த குஞ்சுகளைத்தான் ஏழாண்டுக் காலம் குப்பை என்று எண்ணியிருக்கிறார். இரண்டையும் கூட்டினால் 2021க்கு அறுபத்தொன்பது. எல்லாப் பைகளும் குஞ்சுகளே என்று கொண்டாலும் அதற்கு மேல் போகாது. இருநூற்றுப் பதினான்கு அறுபத்தொன்பதாகியிருக்கிறது. அதுவும் பெருஞ்சரிவுதான். ஆனால் மூன்று இல்லை.

அன்று நண்பகல் அவர் தம்பி வீட்டுக்குப் போனார். சோறும் கருவாடும் மிளகாய் ஊறிய தென்னங்காடியும் மேசையில் இருந்தன. பானியா ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, பச்சைத் தோல் ஒன்றைத் தட்டின் அருகே வைத்தார். நெமெசியோ அதை எடுத்துச் சட்டைக் காலரைப் போல் மடக்கி மடக்கிப் பார்த்தார். பானியா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"இது யாருக்குத் தெரியும்?"

"உனக்கும் ஃபெலிசாவுக்கும். இப்பதான்."

"அப்ப இங்கயே இருக்கட்டும்." நெமெசியோ தோலை மேசைக்கு நடுவே தள்ளினார். "வியாழக்கிழமை ரெண்டு நம்பரைச் சொல்லு. பொய்யா அது? நீ எண்ணுனதுதானே? பாத்தது மூணு, எழுதுனது மூணு."

"ஜாடியில இருந்தது மூணு. கடல்ல எத்தனை இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, மெசியோ."

"கடல் நாறிப்போச்சு, அது எனக்குத் தெரியும்! நொறுங்குற ஓடு பொய்யா? மூணு வருஷமா விதையே விழலியே, அது பொய்யா?"

"இல்ல. அதனாலதான் சொல்றேன். அறுபத்தொம்போதுன்னு சொல்லுவோம். அதுவே போதும்."

ஃபெலிசா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார். "மூணுன்னா அழுவாங்க, மனாங். அறுபத்தொம்போதுன்னா, அவ்ளோ இருக்கான்னு கேப்பாங்க. உங்க நோட்டுப் புஸ்தகத்துக்கு ஒரு புருஷனைக் கட்டி வெச்சிருந்தா அவனாச்சும் உங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்திருப்பான்."

"அந்த ஜாடி எல்லாம் அலமாரியில அப்படியே இருக்கு, ஃபெலிசா. நாளைக்கு யாராச்சும் ஒருத்தர் வந்து திறந்தா ஒரே சொட்டுல தெரிஞ்சிடும். அப்ப நான் மட்டும் திருடி இல்ல. நூத்தியெம்பது வீடும் திருட்டுக் கணக்கைக் காட்டிப் பொழைச்சதுன்னு ஆகும்."

"நாளைக்குத்தானே?" என்றார் நெமெசியோ. குரல் தணிந்திருந்தது. "இன்னைக்கு இருக்கட்டும் மனாங். நாளைக்கு வர்றவனை நாளைக்குப் பாத்துக்கலாம். என்கிட்ட எண்ணூறு கழி இருக்கு. அதைப் புடுங்கிட்டா நான் என்னத்தை ஊணுவேன்?"

பானியா தோலைத் திரும்பப் பொட்டலத்தில் மடித்துக்கொண்டார். தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது. அந்த வீட்டில் அவர் சோற்றை மீதம் வைத்தது அதுவே முதல்முறை.

கூட்டம் கூரை வேய்ந்த கூடைப்பந்துத் திடலில் நடந்தது. வலைவளையத்தின் கீழே மன்றத்தாரின் மேசை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் வளர்ப்பவர்கள், சிப்பி உரிக்கும் பெண்கள், இடுப்பில் குழந்தைகள். சிலர் இரு எண்களையும் அட்டையில் பெரிதாக எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள்: 214, 3. பானியா மேடைக்கு நடந்தபோது கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் நெமெசியோ சேர்ந்தாரா என்று பார்க்க அவர் தலையைத் திருப்பவில்லை.

எழுதி வந்ததைப் படித்தார். முதலில் பிழை, எப்போது தொடங்கியது, எதனால், எந்த ஜாடிகளில். பிறகு எது பிழையில்லை என்பது: 1996 முதல் 2014 முடிய எண்ணியவை வெண்காரம் கலந்தோ, ஓடு ஒழுங்காக மாற்றப்பட்டோ, அந்தந்த வாரமே எண்ணப்பட்டவை, அவற்றிலேயே குஞ்சுகள் பாதியளவுக்குக் குறைந்திருக்கின்றன, வெப்பக் கணக்கைப் பீப்பாய் தொடவில்லை, சுண்ணாம்பு ஓடே இல்லாத துடுப்புக்காலிகளின் கணக்கையும் தொடவில்லை, அவை எல்லாமே கடல் மாறியிருப்பதைக் காட்டுகின்றன. பச்சைத் தோலை உயர்த்திக் காட்டி மடக்கினார். முன்வரிசையில் ஒருவர், "என்னது, சிப்பியா ரப்பரா?" என்றார். அட்டைகள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின.

துணை மேயர் மிகுந்த மரியாதையோடு ஒலிவாங்கியை எடுத்தார். "மாம், உங்க நேர்மைக்கு இந்த ஊரே கடமைப்பட்டிருக்கு. ஒரே ஒரு சந்தேகம். ஏழு வருஷமா சிப்பி செத்துக் கிடந்தது உங்களுக்குத் தெரியல. அதுக்கு முந்தி இருபது வருஷம் உயிரோட இருந்துச்சுன்னு மட்டும் எப்படித் தெரியும்?"

"பழைய ஜாடியில சொட்டு விட்டுப் பாத்தேன் சார். நீலமா இருக்கு."

"எதை விட்டு?"

"சங்குப்பூச் சாறு."

சிரிப்பு முதலில் மேசையில் எழுந்தது. பின் திடலுக்கும் பரவியது. சோற்றுக்கு நிறம் கொடுக்கப் போடும் பூ அது.

"அப்ப அறிவியல்னு சொல்றீங்க. எண்ணினது யாரு மாம்?"

"நான்தான்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

"நன்றி, மாம். உக்காருங்க."

தீர்மானம் கை உயர்த்தி நிறைவேற்றப்பட்டது. எழுத்தர் அதை உரக்க வாசித்தார்: மீன்வள நிலையத்தின் அலுவலரே தம் பதிவுகள் நம்பத்தக்கவையல்ல என ஒப்புக்கொண்டமையால், கடலில் மாற்றம் நேர்ந்ததற்குச் சான்று எதுவும் இல்லை எனக் கண்டு, கழிகள் யாவும் தொண்ணூறு நாளில் அகற்றப்பட வேண்டும்.

பானியா எழுந்து எழுத்தரின் மேசைக்குச் சென்றார். "தம்பி, இதுல தப்பு இருக்கு. நான் சொன்னது ஏழு வருஷம். நீங்க எல்லாப் பதிவும்னு எழுதியிருக்கீங்க. சான்று இல்லன்னு நான் சொல்லவே இல்ல."

"ஓட்டு முடிஞ்சிடுச்சு மாம். இனி ஒரு எழுத்தை மாத்தக் கூடாது."

"தப்புன்னு தெரிஞ்சுமா?"

இளைஞரான அந்த எழுத்தர் சங்கடத்தோடு அவரைப் பார்த்தார். "பதிவாயிடுச்சு மாம்" என்றார்.

ஜனவரியில் கழிகளைப் பிடுங்கினார்கள். ஊன்றியவர்களே பிடுங்க வேண்டும் என்பது ஆணை. நீர் வற்றும் வேளைகளில் படகுகள் வரிசையாகப் போய், சேற்றிலிருந்து மூங்கிலை அசைத்து அசைத்து உருவி, ஒட்டியிருந்த சிப்பிகளோடு கரையில் குவித்தன. விற்க நேரமில்லாத சிப்பிகள் வெயிலில் வாய் பிளந்து கிடந்தன. அவற்றின் மேல் நடந்தவர்களின் காலடியில் ஓடுகள் மொரமொரவென்று நொறுங்கின. தடித்த பழைய சிப்பிகளின் மேல் நடந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஓசை புதிது. பானியா செவ்வாய்க்கிழமைகளில் அதனூடே படகை ஓட்டிப் போனார். யாரும் அவரை ஏசவில்லை. பேசவுமில்லை. நெமெசியோ துறையில் படகைக் கட்டிவிட்டு முதுகைக் காட்டி நின்றார்.

மார்ச்சில் பானியா கட்பலோகன் நகரத்துக்குப் பேருந்தில் சென்று, ஒரு நகைப் பட்டறையில் வெண்காரம் கேட்டு வாங்கிவந்தார். பீப்பாயைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்தார். புதுக் கரைசலில் சங்குப்பூச் சாறு நீலமாகவே நின்றது. சிப்பிகள் முட்டையிடும் உச்ச வாரத்தில், ஏழாம் இடத்தில் வலையிட்டு, கரை சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். வில்லைகளைக் குறுக்காக வைத்து இடக்கண்ணை மூடினார். இருண்டது. மூலைக்கு மூலை தேடினார். இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு. சராசரி ஏழு.

பேனாவை எடுத்தார். இம்முறை ஜாடியின் குற்றமில்லை. ஆனால் ஏழு என்பது எதைச் சொல்கிறது? கடல் ஓட்டைக் கரைத்துவிட்டது என்றா, முட்டையிட வேண்டிய தாய்ச் சிப்பிகள் எல்லாம் கரையில் நொறுங்கிக் கிடக்கின்றன என்றா? கழிகள் நின்றிருந்தால் விடை கிடைத்திருக்கும். குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: "கழிகள் அகற்றப்பட்டுள்ளன. காரணத்தைப் பிரித்தறிய இனி இயலாது." கையெழுத்திட்டார்.

நிலையத்தின் வாசலுக்கு எதிரேதான் பேருந்து நிற்கும். நெமெசியோ அங்கே ஒரு துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். மணிலாவில் ஏதோ கட்டட வேலை என்று ஃபெலிசா வேறொருவரிடம் சொன்னது பானியாவின் காதுக்கு வந்திருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் செங்கல் சுமக்கப் போகிறவரின் தோளில், நாலு மடிப்பாக மடித்த பழைய சட்டை ஒன்று கிடந்தது.

பானியா வாசல்வரை வந்து நின்றார். பேருந்து வந்தது. நெமெசியோ படியில் கால் வைத்து ஏறினார், உட்காரவில்லை. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஐந்து மாதத்தில் முதல்முறையாக அக்காளின் முகத்தைப் பார்த்தார்.

"எத்தனை நட்சத்திரம், மனாங்?"

பேருந்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கேலியா, உண்மையாகவே கேட்கிறாரா என்று அந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"ஏழு" என்றார் பானியா.

நெமெசியோ தலையசைத்தார். அக்காள் ஒன்று கூட்டியோ குறைத்தோ சொல்லியிருக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். பேருந்து புகையைக் கக்கிக்கொண்டு வளைவில் திரும்பியது. பானியா உள்ளே போய் இரண்டாம் ஜாடியைத் திறந்தார்.